ஆளில்லாமல் ஆடிய தொட்டில்

என் தங்கை பிறந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு தொட்டில் தானாகவே ஆடிக்கொண்டிருந்தது. சொன்னால் மின்சாரத் தொட்டிலா என்று கேட்கிறார்கள். ராயபுரத்தில் எங்கள் சந்துக்கு அப்போது மின்சாரமே வரவில்லை. தொட்டிலை ஆட்டியது ஓர் இரும்புக் குண்டு.

அதைச் செய்தவர் என் அத்தையின் புருஷன். எனக்கு மாமா. தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையில் பிட்டராக இருந்தார். கப்பலில் கழித்துப் போட்ட பல் சக்கரம், சங்கிலி, இரும்புச் சட்டம் என்று பழைய இரும்புக் கடையில் பொறுக்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அரத்தால் ராவி ராவி அதைச் செய்தார். கைப்பிடியைச் சுற்றினால் குண்டு சங்கிலியோடு உத்திரத்துக்கு ஏறும். பிறகு மெல்ல இறங்கும். இறங்குகிற கனத்தில் சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகரும். ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் இரும்புக் கை வந்து தொட்டிலை லேசாகத் தள்ளிவிட்டுப் பின்வாங்கும். சுவர்க் கடிகாரத்தில் பெண்டுலம் ஆடுகிற அதே வித்தைதான். தள்ளும்போதெல்லாம் "டக்" என்று ஒரு சத்தம் வரும்.

எங்களுக்காக அவர் அதைச் செய்யவில்லை. அவருக்கும் அத்தைக்கும் பிறந்த பெண் குழந்தைக்காகச் செய்தார். கடைசிச் சக்கரத்தை மாட்டுவதற்குள் அந்தக் குழந்தை காய்ச்சலில் இறந்துவிட்டது. எனக்கு அப்போது ஆறு வயது. சின்னப் பையனிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் நினைத்திருக்கிறார்கள். "பாப்பா ஊருக்குப் போயிருக்குது, வந்துடும்" என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டேன். என் அப்பா, நைனா, கொஞ்சம் யோசித்துவிட்டுப் பொன்னேரி என்றார். பொன்னேரி எனக்குத் தெரிந்த ஊர்தான். அதனால் நம்பிவிட்டேன்.

தங்கை பிறந்த பிறகு மாமா தொட்டிலைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அத்தை கூட வரவில்லை. அம்மாவுக்கு அதை வாங்கிக்கொள்ளப் பயம். இறந்த குழந்தை ஒரு நாள்கூட அதில் படுக்கவில்லையே, அதில் என்ன தோஷம் என்று நைனா சொன்னார். அம்மாவுக்கும் வேறு வழி இல்லை. எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு சாக்குக் கிடங்கு இருந்தது. ஹார்பரிலிருந்து வரும் கிழிந்த கோணிகளைச் சந்துப் பெண்கள் எல்லோரும் அங்கே உட்கார்ந்து தைப்பார்கள். பிள்ளை பெற்ற பின் அம்மா மறுபடி அங்கே போக வேண்டும். தூளியை ஆட்ட ஆள் இல்லை.

மாமா எல்லாவற்றையும் பூட்டி, சட்டத்தில் அம்மாவின் புடவையைத் தூளியாகக் கட்டி, கைப்பிடியைச் சுற்றிவிட்டு விலகி நின்றார். தொட்டில் ஆடியது.

"இன்னாண்ணே இது? ஆள் இல்லாம ஆடுது, பேய் வூடு மாரி" என்றாள் அம்மா.

"பேய வெச்சா அதுக்குச் சோறு போடணும் தங்கச்சி. இது சும்மாவே ஆடும்" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்ற பிறகும் அது டக், டக் என்று ஆடிக்கொண்டிருந்தது.

அதில் ஒரே ஒரு குறை. நடுவில் நிறுத்த முடியாது. ஒரு தடவை நைனா கையால் பிடித்து நிறுத்தப் பார்த்தார். பல் நழுவி, குண்டு தடாலென்று விழுந்து, தரை பிளந்துவிட்டது. குண்டு தானாகத் தரையைத் தொட்டால்தான் தொட்டில் நிற்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

இங்கேதான் அம்மாவுக்குச் சிக்கல். வெறும் தொட்டில் ஆடக்கூடாது. ஆடினால் குழந்தைக்கு ஆகாது. எங்கள் பக்கத்தில் இதைத் தெரியாதவர்கள் இல்லை. பேர் வைக்கும்போதே முதலில் அம்மிக் குழவியைத் துணியில் சுற்றித் தொட்டிலில் போட்டு ஆட்டிவிட்டுத்தான் குழந்தையைப் போடுவோம். அம்மா அதையே வழக்கமாக்கிக்கொண்டாள். பால் கொடுக்கக் குழந்தையை எடுக்கும்போதெல்லாம், குழவியைக் கழுவித் துடைத்து, தங்கையின் பழந்துணியில் சுற்றி, ஒரு முனையைக் கழுத்துப் பக்கம் செருகுவதுபோல் செருகித் தூளிக்குள் வைத்துவிடுவாள். அம்மாவின் மடியில் தங்கை பால் குடிக்கும். பக்கத்தில் கல் ஆடிக்கொண்டிருக்கும்.

எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. குழந்தை இருந்தாலும் அதே வேகம், அதே சத்தம். கல் இருந்தாலும் அதே வேகம், அதே சத்தம். அம்மாவோ நைனாவோ ஆட்டினால் குழந்தை சிணுங்கும்போது வேகமாக ஆட்டுவார்கள், தூங்கினால் மெதுவாக்குவார்கள். இதற்கு இரண்டும் ஒன்றுதான்.

மத்தியானத்தில் சில நேரம் நான் அந்த அறையில் தனியாக இருப்பேன். சந்தில் ஓர் ஆள் இருக்காது. வெயிலில் தார் வாசனையும் கருவாட்டு வாசனையும் கலந்து வரும். புடவைத் தூளி வாய் மூடிக்கொண்டு ஆடும். உள்ளே இருப்பது தெரியாது. அந்தக் குண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது இறங்காது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். தலையைத் திருப்பிவிட்டுப் பார்த்தால் கீழே வந்திருக்கும். ஒரு நாள் தொட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கையை நீட்டித் துழாவிப் பார்த்தேன். யாரும் இல்லை. காற்று மட்டும் வந்து வந்து கையில் பட்டது.

அத்தை அதைப் பார்க்க ஒரே ஒரு தடவை வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். குழந்தையைப் பார்க்கவில்லை, சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் போய்விட்டாள். அவள் போன பிறகு கிடங்கில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது, இன்னொரு தடவை ஏதாவது செய்தால் கீழ்ப்பாக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவேன் என்று அவள் மாமியார் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

"செய்வா அந்தம்மா. வாய் கீது பாரு, அத மூடவே மூடாது" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

அம்மா ஊசியில் சணல் கோத்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள். அம்மா தங்கையைத் தூளியில் போட்டு, கைப்பிடியைச் சுற்றிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனாள். நான் சணலைச் சிக்கெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்சுவர் ஜன்னல் வழியாக டக், டக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் இருக்கும்வரை குழந்தை தூங்குகிறது என்று எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. நடுவில் அம்மா ஒரு தடவை எழுந்து போனாள். தூளியின் அடியில் கையை வைத்துப் பார்த்தாளாம், கனமாக இருந்ததாம். எழுப்பிவிடக் கூடாதே என்று துணியை விலக்காமல் திரும்பி வந்துவிட்டாள்.

பிறகு சத்தம் நின்றது. குண்டு தரையைத் தொட்டுவிட்டது. தொட்டில் நின்ற உடனே தங்கை வீறிடுவாள். அன்று அழவில்லை.

"இன்னிக்கி சோக்கா தூங்குது" என்றாள் அம்மா. ஊசி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஊசி நின்றது. அம்மா ஜன்னலைப் பார்த்தாள். அவள் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. எழுந்து ஓடினாள். நானும் ஓடினேன்.

தூளியைப் பிரித்தாள். உள்ளே, துணியைச் சுற்றிக்கொண்டு, கழுத்துப் பக்கம் முனை செருகி, கல் படுத்திருந்தது.

அம்மா போட்ட அலறலில் கிடங்கு மொத்தமும் வந்துவிட்டது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கிணற்றைப் பார் என்றார்கள். பிள்ளை பிடிக்கிறவன் வந்திருப்பான் என்றார்கள்.

"எங்கியோ பாலம் கட்றாங்களாம், பலி குடுக்கப் புள்ள தேடிக்கினு கீறாங்கன்னு அன்னிக்கே சொன்னேன். யார் கேட்டீங்க?" என்று ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள்.

"டேய், போலீஸ் டேசனுக்கு ஓடுடா!" என்று பக்கத்து வீட்டு அக்கா தன் மகனை விரட்டினாள்.

அம்மா கல்லை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டே அந்தத் துணியைப் பார்த்தாள். செருகியிருந்த முனையை விரலால் தொட்டாள். சட்டென்று அழுகை நின்றுவிட்டது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"யாரும் போவ வேணாம்" என்றாள். "நான்தான் குடுத்தனுப்சேன். மறந்துட்டேன்."

"இன்னாமே சொல்ற? பெத்த புள்ளய யாருக்குக் குடுத்தனுப்ச?"

"எங்க நாத்தனா வந்துச்சு. காலைல குடுத்தேன். வெயில்ல தல கிறுகிறுன்னு வந்துக்கினு இருந்திச்சா, மறந்தே பூட்டேன்."

காலையில் யாரும் வரவில்லை. குழந்தையைத் தூளியில் போட்டதை நான் பார்த்தேன். வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

தண்டையார்பேட்டைக்கு நடந்தே போனோம். நடந்தோம் என்று சொல்ல முடியாது, இழுத்துக்கொண்டு ஓடினாள். வழியெல்லாம் நான் ஒன்றைத்தான் யோசித்தேன். அம்மா கல்லை வைக்கும்போது குழந்தை அவள் கையில் இருக்கும். இன்றைக்கு அம்மா வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. அந்தத் தொட்டில் மட்டும்தான் இருந்தது. கல்லையும் குழந்தையையும் ஒரே மாதிரி ஆட்டிக்கொண்டிருந்த அது, கடைசியில் குழந்தையைக் கல்லாக்கிவிட்டது.

அத்தை வீட்டுக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. மாமா வேலைக்குப் போயிருந்தார். அத்தையின் மாமியாரும் வீட்டில் இல்லை. உள்ளே அத்தை சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு குழந்தை தூங்கியது. நான் பார்த்தே இராத மஞ்சள் சட்டை போட்டிருந்தது. கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு. கண்ணுக்கு மை தீட்டியிருந்தது. அத்தையின் பாப்பா பொன்னேரியிலிருந்து வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அம்மா குழந்தையைப் பிடுங்கவில்லை. எதிரில் குந்தினாள். மூச்சு வாங்கியது.

"அழுதுச்சு அண்ணி" என்றாள் அத்தை. எங்கள் பக்கம் பார்க்காமல், குழந்தையைப் பார்த்துச் சொன்னாள். "வழியோட போய்க்கினு இருந்தேன். அழுதுச்சு. அது பாட்டுக்கு ஆட்டிக்கினே கீது, புள்ள பாட்டுக்கு அழுவுது. அதுக்குக் காது கீதா சொல்லு?"

"இல்லதான்."

"வெறுந் தொட்டில் ஆடக்கூடாதுன்னு கல்ல வெச்சுட்டுத்தான் வந்தேன்."

"பாத்தேன்டி கண்ணு. அதப் பாத்துதான் எனக்கு உசுரே வந்துச்சு" என்றாள் அம்மா. "பால் கட்டிக்கிச்சு. குடு."

"இன்னும் கொஞ்ச நேரம் அண்ணி."

அம்மா சரி என்றாள். மார்பு நனைய நனைய அப்படியே உட்கார்ந்திருந்தாள். குழந்தை தானாக விழித்து அழுதபோதுதான் கையை நீட்டினாள். அத்தை கொடுத்துவிட்டாள். அங்கேயே பால் கொடுத்தாள் அம்மா. அத்தை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது அத்தை மஞ்சள் சட்டையைக் கழற்ற வந்தாள். "கெடக்கட்டும் வுடு. இதுக்கு நல்லாக் கீது" என்று அம்மா தடுத்துவிட்டாள். அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் பாப்பா கல்லாகிவிட்டது. அது ஊருக்குத் தெரியக்கூடாது என்று அம்மா அத்தையின் பாப்பாவை எடுத்துக்கொண்டு வருகிறாள். அதனால்தான் கிடங்குப் பெண்களிடம் பொய் சொன்னாள். அதனால்தான் அத்தை அழுகிறாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா குழவியைக் கழுவி அம்மியில் போட்டு மிளகாய் அரைத்தாள். நான் அலறிக்கொண்டு வெளியே ஓடினேன். குழம்பு ஊற்றிய சோற்றைப் பல நாள் நான் தொடவில்லை. பையனுக்குக் காற்று கருப்பு பட்டிருக்கும் என்று மசூதி வாசலில் கொண்டுபோய் மந்திரித்தார்கள்.

நைனா வேலை விட்டு வந்து ஆடித் தீர்த்தார். "புள்ளயக் குடுத்துட்டு மறந்துட்டாளாம்! நாளைக்கி என்னையும் எங்கனா குடுத்துட்டு மறந்துடுவா." சந்தில் அம்மாவுக்கு மறதிக்காரி என்று பேரே வந்துவிட்டது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பினால்கூட "புள்ளய வெச்சுக்கினியா?" என்று கேலி செய்தார்கள். அம்மா சிரித்துக்கொள்வாள். நான் சின்னப் பொய் சொன்னாலும் தோலை உரிக்கிறவள், இந்தப் பெரிய பொய்யை மட்டும் கடைசிவரை மாற்றவில்லை. நான் யாரிடமும் காட்டிக் கொடுக்கவில்லை. அம்மாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடுமே.

அந்த வாரமே மாமா வந்து தொட்டிலைக் கழற்றினார். கம்பியில் சாதாரணத் தூளி கட்டினார்கள். அம்மா கேட்டுக்கொண்டபடி அத்தை தினமும் மத்தியானம் வந்து ஆட்டினாள். அழுதால் வேகமாக, தூங்கினால் மெதுவாக. பார்க்கப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. சொந்தக் குழந்தைக்கே விருந்தாளி மாதிரி வந்து போகிறாளே.

அதனால், தங்கைக்குப் பேச்சு வருகிற சமயத்தில், என்னால் ஆன ஒன்றைச் செய்தேன். யாரும் இல்லாதபோது அத்தையின் பக்கம் விரலைக் காட்டி, "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று பழக்கினேன்.

ஒரு நாள் அத்தை உள்ளே நுழைந்ததும் தங்கை தவழ்ந்து போய் அவள் காலைக் கட்டிக்கொண்டு "ம்மா" என்றாள்.

அத்தை அப்படியே நின்றுவிட்டாள். தூக்கவில்லை. முகமெல்லாம் வெளுத்துப்போய் அம்மாவைப் பார்த்தாள். "நான் சொல்லித் தர்ல அண்ணி. சத்தியமா நான் சொல்லித் தர்ல."

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தினாள். பிறகு, "இன்னாத்துக்குச் சத்தியம் கித்தியம்? கூப்புடுதுல்ல, தூக்கு" என்றாள்.

அத்தை தூக்கிக்கொண்டாள். அம்மா கடைசியில் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எனக்குப் பெரிய நிம்மதி. இனி அத்தை பாப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் அத்தை வெளியே வந்தாள். கையில் குழந்தை இல்லை. என் தலையைத் தடவிவிட்டு, முகம் கொள்ளாத சிரிப்போடு சந்தில் இறங்கிப் போனாள். சொந்தப் பிள்ளையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு ஒருத்தியால் எப்படி அப்படிச் சிரிக்க முடிகிறது என்று, அவள் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் புரியவே இல்லை.