வட்டத்தில் ஒரு கடி

எதெல்காவுக்கு உயரம் என்றாலே ஆகாது. கூரையில் டிவி ஆன்டெனா கட்ட வேண்டிய நாட்களிலும் வேறு யாரையாவது ஏணியில் ஏற்றிவிட்டு, தான் கீழே நின்று "இன்னும் கொஞ்சம் இடது" என்று கத்துகிறவள் அவள். திஸா ஆற்றோரத்து அந்தச் சிறு நகரின் டிவி ரிப்பேர் கூட்டுறவுக் கடையில் இருபத்திரண்டு வருஷத்தை இப்படியே ஓட்டிவிட்டாள். கடையை ஒரேயடியாக மூடியதும், ஊருக்கு வெளியே இருந்த புல்வெளி விமானத்தளத்துக்கு அவளை இழுத்து வந்தவர் அக்கா புருஷன் பர்னபாஷ். அங்கே கிளைடர் என்ற இன்ஜின் இல்லாத விமானங்களில் கரகரத்துக்கொண்டிருந்த ரேடியோக்கள் எல்லாம் அவள் கை பட்டதும் ஒழுங்காகப் பேசின. பிறகு, பக்கத்தில் வேறு விமானம் வந்தால் கத்தி எச்சரிக்கும் சின்னப் பெட்டிகள் வந்தன. அவற்றைப் பொருத்துவதும் அவள் தலையில் விழுந்தது.

வம்பு பெட்டியில் இல்லை, அதன் ஆன்டெனாவில் இருந்தது. விரல் நீளக் குச்சிதான். ஆனால் காக்பிட்டின் கண்ணாடிக்குப் பின்னால் அது நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். இரும்பை அண்டக்கூடாது, திசைகாட்டியைக் குழப்பக்கூடாது, ஓட்டுகிறவர் கண்ணையும் மறைக்கக்கூடாது. ஒரு முழ இடத்துக்குள் மாமியார் வீட்டைவிட அதிக நிபந்தனைகள். நாற்பது காக்பிட்டுகளுக்குள் தலைகீழாகப் புகுந்து, காலை வெளியே நீட்டிக்கொண்டு அவள் அதைப் பொருத்தியிருக்கிறாள். ஒன்றில்கூடப் பறந்ததில்லை.

வேலை சரியா என்பது விமானம் பறந்து வந்த பிறகுதான் தெரியும். பெட்டியின் பதிவைக் கணினியில் போட்டால், எந்தத் திசையில் எவ்வளவு தூரத்து விமானங்கள் அதன் காதில் விழுந்தன என்று ஒரு படம் வரும். சரியாக இருந்தால் படம் ஏறக்குறைய வட்டம்.

நாற்பதில் ஒன்றே ஒன்று வட்டமாக வரவில்லை. அது பர்னபாஷின் பழைய மோட்டார் கிளைடர். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் வண்டி. இடப்பக்கம் அவர், வலப்பக்கம் அக்கா வில்மா. அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து ஒருவரை விட்டு ஒருவர் அதில் பறந்ததே இல்லை. ஒவ்வொரு மே மாதமும் நடக்கும் வருடாந்தரச் சோதனையில் அதன் படத்தின் வலப்பின்புறத்தில் யாரோ கடித்து வைத்த மாதிரி ஒரு பள்ளம் விழும்.

"ஊருக்கெல்லாம் வட்டம் போட்டுக் குடுக்கிறா, சொந்த அக்காவுக்கு மட்டும் கடிச்ச பொகாச்சாவைக் குடுக்கிறா பாருங்க!" என்பாள் வில்மா, தானும் பொகாச்சா என்ற அந்த வட்டமான வெண்ணெய் பன்னைக் கடித்தபடி.

"நீ மொதல்ல எறங்குக்கா. ரெண்டு பேரும் உள்ள உக்காந்துக்கிட்டா நான் எங்க கைய விடுறது?"

இருவரையும் இறக்கிவிட்டுத்தான் எதெல்கா சோதிப்பாள். தரையில் எல்லாம் சரியாக இருக்கும். மேலே போனால் மறுபடி கடி. ஆறு வருஷம் ஆன்டெனாவை அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள், வயரை மாற்றினாள், வண்டிக் கூட்டின் இரும்புக் குழாய்களைத் திட்டித் தீர்த்தாள். கடிபட்ட ஆறு படங்களும் அவள் பட்டறைச் சுவரில் வரிசையாகத் தொங்கின. வில்மா போகிற போக்கில் அவற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவாள்.

போன அக்டோபரில் வில்மா இறந்துபோனாள். மாரடைப்பு. அந்தச் சிரிப்பு இல்லாத பட்டறைக்குள் போகவே எதெல்காவுக்குப் பிடிக்கவில்லை.

மே மாதம், அகாசியா மரங்கள் பூத்த சமயம் பர்னபாஷ் வந்து, வண்டியை விற்கப்போவதாகச் சொன்னார். செகெட் நகரத்திலிருந்து ஒருவன் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறானாம். எதெல்காவுக்குப் பகீரென்றது. அக்கா உட்கார்ந்த இடம் என்று அது ஒன்றுதான் மிச்சம். அதைவிடப் பெரிய பயம், அத்தான் ஒருமுறை தரையில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்க மாட்டார் என்பது. அதை எப்படிச் சொல்வது?

"இந்த வருஷப் படம் இல்லாம எப்படி விப்பீங்க அத்தான்? ஒரே ஒரு தடவை பறந்துட்டு வாங்க" என்றாள்.

சனிக்கிழமை அவர் தனியாகப் போனார். இரண்டு மணி நேரம். இறங்கியதும் எதெல்கா பதிவை எடுத்துப் போட்டாள். திரையில் வட்டம் வந்தது. சுத்தமான, முழு வட்டம்.

"அப்பாடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பிறகுதான் உறைத்தது. இந்த முறை அவள் ஆன்டெனாவைத் தொடவே இல்லை.

'நீங்க ஆன்டெனாவைப் புடிச்சிக்கிட்டு நின்னா படம் நல்லாருக்கு, கைய எடுத்தா போயிடுது' என்று புலம்பிய எத்தனை டிவி வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரித்திருப்பாள்! ஆள் உடம்பு அலையோடு விளையாடும் என்று தெரிந்தவளுக்கு, வலப்பக்கத்து ஆன்டெனாவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் ஆறு வருஷமாக நினைவுக்கு வரவில்லை. அலையை மறித்தது அவள் உடம்பு; அந்தக் கடி வில்மாதான். திரையை அணைத்துவிடலாமா என்று யோசிப்பதற்குள் பர்னபாஷ் உள்ளே வந்துவிட்டார். திரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப ஆறு வருஷமா அந்தப் பக்கம் எங்களுக்குக் குருடா?"

"பெட்டிக்குக் குருடுதான் அத்தான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மன்னிச்சுக்குங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "பெட்டி எதுக்கு? அந்தப் பக்கத்தைத்தான் அவ பாத்துக்கிட்டாளே. 'வலது பின்னால வெள்ளைக் கிளைடர்'னு காது கிழியக் கத்துவா. நான் அந்தப் பக்கம் திரும்பினதே இல்ல எதெல். இன்னிக்கும் திரும்பல. பெட்டி ரெண்டு தரம் கத்துச்சு. ரெண்டு தரமும் அவதான்னு நெனச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் படத்தைச் சுவத்துல மாட்டாத. நல்லால்ல."

எதெல்காவின் வாய் அவளைக் கேட்காமலே பேசியது. "செகெட்காரனை வர வேணாம்னுடுங்க. நாளைக்கு அந்த சீட்ல நான் உக்கார்றேன்."

"நீயா? ஏணியில ரெண்டாவது படி ஏறாதவளா!" அக்டோபருக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி புல்லை விட்டு எழும்பியபோது எதெல்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்; அத்தானின் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"கண்ணைத் தொற. அந்தப் பக்கம் உன் பொறுப்பு."

திறந்தாள். கீழே அகாசியாத் தோப்பு வெள்ளையாகக் கிடந்தது. கழுத்தைத் திருப்பி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள்.

"அத்தான்! வலது பின்னால வெள்ளையா ஒண்ணு! கிட்ட வருது!"

பர்னபாஷ் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அது நாரை எதெல்."

இறங்கியதும் முதல் வேலையாக அவள் படத்தை அச்சிட்டு எடுத்தாள். வலப்பின்புறத்தில் கடி மறுபடி விழுந்திருந்தது. சற்றே சின்னக் கடி.

"உங்க அக்கா அளவுக்கு வரணும்னா நீ இன்னும் நாலு வருஷம் பொகாச்சா சாப்பிடணும்" என்றார் பர்னபாஷ், குண்டூசியை எடுத்து நீட்டியபடி.

முந்தின நாள் அச்சிட்ட முழு வட்டத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, எதெல்கா அந்தப் படத்தை அக்காவின் ஆறுக்குப் பக்கத்தில் குத்தி வைத்தாள்.