கேக்கின் மேல் ஒரு ‘1’

போன வெள்ளிக்கிழமை வசந்தாக்காவின் லாகினை நீக்கினேன். அன்றோடு அவர் எங்கள் ஆஸ்லோ அலுவலகத்தை விட்டுப் போனார்.

நீக்கும்போது திரையில் அவருடைய பிறந்த தேதி தெரிந்தது. அக்டோபர்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மார்ச்சில்தானே எல்லோரும் ஹேப்பி பர்த்டே பாடினோம்?

கொஞ்சம் பின்னால் போகிறேன். இரண்டு கிளைகளை ஒன்றாக்கி, அலமாரி அலமாரியாகக் கிடந்த ஃபைல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. பொறுப்பு என்னுடையது – மதுரையிலிருந்து வந்து இரண்டு வருடமே ஆன அவசரக்காரன். வசந்தாக்கா யாழ்ப்பாணத்துக்காரர். பதினைந்து வருடம் அந்த ஃபைல்களோடு இருந்தவர். மவுஸைத் தொடவே பயந்தார். புது முறையைக் கற்றுக்கொண்டால் இருக்கலாம், இல்லாவிட்டால் விலகல் கடிதம் கொடுக்கலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

மார்ச்சில் ஒருநாள், வீடு இருக்கும் லோறென்ஸ்கூக்கிலிருந்து பஸ்ஸில், மடியிலேயே வைத்து ஒரு கேக் கொண்டுவந்தார். மேலே க்ரீமில் ‘1’. பக்கத்து மேசை நார்வேக்காரி “கிராத்துலேரர்!” என்றாள். வாழ்த்துக்கள் என்று அர்த்தம். நான் அதைப் பிறந்தநாளில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். இந்த ஊரில் பிறந்தநாள்காரர்தானே கேக் கொண்டுவர வேண்டும்? பாட ஆரம்பித்துவிட்டேன். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். “அக்காவுக்கு இப்பதான் ஒரு வயசாம்!” என்று ஜோக் வேறு. அக்காவும் சிரித்தார்.

பிறகு நான் சொன்னது... “சரி, சீட்டுக்குப் போலாமா? இன்னும் இருபத்தாறு அலமாரி பாக்கி.”

வெள்ளிக்கிழமை கேட்டேவிட்டேன். “அக்கா, உங்க பர்த்டே அக்டோபர்லயா? அப்ப மார்ச்ல எதுக்குக் கேக்?”

“அது பிறந்தநாள் கேக் இல்லை தம்பி. முதலாவது அலுமாரியை ஒருத்தரிட்டையும் உதவி கேளாமல் நான் தனிய ஏத்தி முடிச்சனான். அதுக்குத்தான்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா?”

“நீங்கள் பாடத் தொடங்கிட்டியள். பிறகு இருபத்தாறு எண்டியள். என்ரை கெட்டித்தனத்தை நானே எழும்பிச் சொல்லுறதே?” மேசை டிராயரைக் காலி செய்துகொண்டே சொன்னார். “அண்டைக்குத்தான் யோசிச்சனான், இஞ்சை எனக்குச் சரிவராதெண்டு.”

கற்றுக்கொண்டவர் அவர். விலகல் கடிதம் கொடுத்தவரும் அவரே. வாராவாரம் மீட்டிங்கில் எத்தனை அலமாரி பாக்கி என்று ஸ்லைடு போட்டேன். எத்தனை முடிந்தது என்று ஒருமுறையாவது போட்டேனா? வருத்தமாக இருக்கிறது. அதைவிட வெட்கமாக இருக்கிறது.

வேலையை விட்டுப் போகிறவரும் தன் கேக்கைத் தானே கொண்டுவரும் ஊர் இது. அன்றும் கொண்டுவந்திருந்தார். அதில் எண் எதுவும் இல்லை. “கிராத்துலேரர், அக்கா... அந்த முதல் அலமாரிக்கு” என்றேன். “ஓம்” என்று மட்டும் சொல்லிவிட்டு எனக்கு ஒரு துண்டு வெட்டினார்.

மார்ச்சில், அந்த ‘1’ இருந்த துண்டுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கித் தின்றது யார் என்று நினைக்கிறீர்கள்?