கம்பம் பிடுங்கும் நாள்

காங்கேயம் போகும் வழியில் பஸ் பழுதாகி நிற்கிறது. எதிரே மாரியம்மன் கோவிலில் திருவிழாவுக்கு நோன்பு சாட்டியிருக்கிறார்கள். வாசலில் நட்டிருக்கும் வேப்பங்கம்பம்தான் அம்மனுக்குப் புருஷனாம். பெண்கள் அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒருத்தி மட்டும் ஊற்றி முடித்தும் கம்பத்தைப் பிடித்தபடியே நிற்கிறாள்.

"உடம்புக்கு முடியலையாம்மா?" என்கிறேன்.

"பெரியவன நேத்து அம்மை கொண்டு போயிருச்சுங்க."

அவள் கண்ணில் ஈரமே இல்லை. நான் திகைப்பதைப் பார்த்து அவளே சொல்கிறாள்:

"அழுதா ஆத்தாளுக்குக் கோவம் வந்துருமுங்க. சின்னவனும் ஊட்டுல முத்துப் போட்டுப் படுத்திருக்கான்."

அவள் காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றுகிறாள்.

"நோம்பி முடிஞ்சு கம்பம் புடுங்கற அன்னிக்கு ஆத்தா தாலியறுப்பாளுங்க. ஊர்ப் பொம்பளைங்க அத்தன பேரும் அழுவோம். அன்னிக்கு எம் பெரியவனுக்கும் சேத்து அழுதுக்கறேனுங்க."