நாத்தனாரின் இடது புருவம்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் என் கை படாத முகம் இந்த ஊரில் இல்லை. பார்லரில் முடி பெருக்கச் சேர்ந்து, அதே பார்லரை விலைக்கு வாங்கியவள் நான். பவுடரை அப்பிக்கொண்டு முகம் ஓர் ஊர், கழுத்து ஓர் ஊர் என்று பெண்கள் திரிந்த காலத்தைப் பார்த்தேன். உதட்டைச் சுற்றிப் பழுப்புக் கோடு போட்ட காலத்தையும் பார்த்தேன். இப்போது இரண்டு மணி நேரம் மேக்கப் போட்டு, ஒன்றுமே போடாத மாதிரி இருக்க வேண்டுமாம். அதுவும் இந்தக் கைக்குத் தண்ணீர் பட்ட பாடு.

நான் தோற்றது ஒரே ஒருத்தியிடம். என் நாத்தனார்.

புருவம் நூல் மாதிரி இருந்தால்தான் அழகு என்று ஒரு காலம் இருந்தது. அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த அவள், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வந்து, "இன்னும் மெல்லிசா அண்ணி" என்பாள். நானும் நூலைப் பல்லில் கடித்து எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் முடி முளைப்பதையே நிறுத்திவிட்டது. பிறகு அடர்த்திப் புருவம் ஃபேஷனாக வந்தது. அவளிடம் விதைக்குக்கூட ஒன்று இல்லை.

அன்றிலிருந்து தினமும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பென்சிலால் வரைந்துகொண்டு ஓடுவாள். இடது புருவம் மட்டும் எப்போதும் அரை விரல் மேலே ஏறிவிடும். யார் பேசினாலும் சந்தேகப்படுகிற முகம். லீவுக்குப் பொய் சொல்ல வருகிறவர்கள் பாதியிலேயே உண்மையைக் கக்கிவிடுவார்களாம். ஆபீசில் அவளுக்குப் பெயரே 'அப்படியா அக்கா'.

போன மாதம் ஓய்வு பெற்றாள். ஓய்வு பெறுகிறவர்களின் படத்தை அந்த ஆபீஸ் சுவரில் மாட்டுவார்கள். மாட்டினால் எடுக்கவே மாட்டார்கள். படம் எடுக்கிற அன்று காலையில் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"முப்பது வருஷமா கேக்காம இருந்தேன் அண்ணி. இன்னிக்கு என் புருவத்தைத் திருப்பிக் குடுங்க. காலத்துக்கும் தொங்கப் போற மூஞ்சி."

என் மருமகள் முந்திக்கொண்டாள். இப்போதைய ஃபேஷன் என்று, புருவ வடிவில் வெட்டிய அச்சு அட்டையை வைத்துத் தடியாகத் தீட்டினாள்.

நாத்தனார் கண்ணாடியைப் பார்த்தாள். "ஏம்மா, மீசை வழி தவறி மேல வந்துடுச்சா?"

பக்கத்து நாற்காலியில் முகத்துக்கு ஆவி பிடித்துக்கொண்டிருந்தவள்கூடத் துண்டுக்குள் குலுங்கினாள்.

துடைத்துவிட்டு நானே ஒவ்வொரு முடியாக வரைந்தேன்.

"சிரிக்காத. கோடு கோணும்."

"நீங்க பல்லைக் கடிக்கிறதை நிறுத்துங்க, நான் சிரிக்கிறதை நிறுத்தறேன். வாயில நூலே இல்லையே அண்ணி."

இரண்டு புருவமும் அளந்து வைத்த மாதிரி வந்தன. வெயிலில் பார்க்காமல் நான் யாரையும் அனுப்புவதில்லை. கடை விளக்கு பொய் சொல்லும். வாசலுக்கு அழைத்துப் போனேன். அவளைக் கூட்டிப்போக வந்த ஆபீஸ் தோழி ஸ்கூட்டரை நிறுத்தி, அவளிடமே கேட்டாள்: "அம்மா, எங்க அப்படியா அக்கா உள்ள இருக்காங்களா?"

நாத்தனாரின் சிரிப்பு நின்றது. கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணி. ஆனா யாரு இவ?"

இடது புருவத்தைத் துடைத்தேன். பென்சிலை அவள் கையில் கொடுத்தேன். பஸ் பிடிக்கிற வேகத்தில் ஒரே இழுப்பு இழுத்தாள். அரை விரல் மேலே.

"ஐயோ அக்கா, நீங்களா?" என்றாள் தோழி. அவள் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, நாத்தனார் ஸ்கூட்டரில் ஏறினாள்.

படம் இப்போது சுவரில் தொங்குகிறது. எல்லோரும் இடது புருவத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். வலதையும் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள். அது என் வேலை.