பக்கத்துப் போருக்குப் போன மழை

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய், பின்பக்கக் குழாய் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரும் ஆள் நான். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியே காலம் போயிற்று. பயப்படுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

இந்தப் பயம் ஒரு கோடையில் பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் எங்கள் வீட்டு ஆழ்துளைப் போர் வெறும் காற்றைத்தான் துப்பியது. தெருமுனையில் தண்ணீர் லாரியின் சத்தம் கேட்டதும் குடத்தோடு ஓடுவோம். அப்படி ஒரு நாள் நெரிசலில் என் மனைவியின் கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. ரத்தம் வழிய வழியக் குடத்தை விடாமல் வந்தாள். அவள் அதை மறந்துவிட்டாள். எனக்குத்தான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் எந்தத் தண்ணீரும் ஒரே வேலையோடு தப்பித்துப் போக நான் விடவில்லை. அரிசி களைந்தது கறிவேப்பிலைக்கு. வாஷிங் மெஷினின் முதல் தண்ணீர் கக்கூசுக்கு, கடைசியாக அலசியது வாழைக்கு. மல்லிக்கொடிக்கு வெயில் சாய்ந்த பிறகுதான் ஊற்றுவேன். வேரடியில் தென்னை மட்டையும் சருகும் போட்டு மூடிவைப்பேன். குளிப்பது ஒரு பக்கெட். மச்சினர் ஊரிலிருந்து வந்தபோது, பாத்ரூமில் வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். அவர் அதற்கப்புறம் போன கல்யாணத்தில் எல்லாம் இந்தக் கதையைத்தான் சொன்னாராம்.

"தண்ணிய பீரோல வெச்சிப் பூட்டினு சாவிய இடுப்புல சொருகிக்கோ" என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். சொல்லிக்கொண்டே, காய் கழுவிய தண்ணீரை மல்லிக்குக் கொண்டுபோய் ஊற்றுவாள். அதில் அவளுக்கு என்னைவிடக் கை சுத்தம்.

வீட்டின் பின்னால் ஒரு பழைய உறைக்கிணறு வற்றிக் கிடந்தது. மண் கொட்டி மூடிவிட்டு ஒரு அறை கட்டி வாடகைக்கு விடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் மாடியிலிருந்து குழாய் இழுத்து, ஒரு டிரம்மில் ஜல்லியும் கரியும் மணலும் போட்டு, அது வழியாக மழைத் தண்ணீரைக் கிணற்றுக்குள் விட்டேன். மேகம் கூடினால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வருவதைத்தான் உள்ளே திருப்புவேன். சில மழைக்காலம் போனதும் போர்த் தண்ணீரில் உப்பு குறைந்தது. அதுவரை எங்கள் வீட்டில் துவரம்பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் வேகாது. ஒரு நாள் மனைவி சாம்பாரைக் கரண்டியால் எடுத்துக் காட்டி, "பருப்பு கொழைஞ்சிகீது பாரு" என்றாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

பிறகு பக்கத்து மனை கைமாறியது. ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்ப வந்தார்கள். அஸ்திவாரத்துக்கு முன்னாலேயே போர் வண்டி வந்து நின்றது. பகலெல்லாம் எங்கள் சுவர் அதிர்ந்தது. சாம்பல் நிறச் சேறு மதில்மேல் தெறித்து மல்லி இலையில் காய்ந்தது. எவ்வளவு ஆழம் போடுகிறீர்கள் என்று மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன்.

"தண்ணி வர்ற வரிக்கும் அண்ணாத்தே" என்றான்.

வந்தது. எங்கள் போரைவிட வெகு ஆழத்தில். மழைநீர் சேகரிப்புக் குழி ஒன்றும் தோண்டினார்கள். குழிக்கு மூடி உண்டு, சுவரில் குழாயும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் வெறும் இடம். அதிகாரிகள் போட்டோ எடுக்கும் நாளில் மட்டும் ஒரு துண்டுக் குழாயைச் சொருகிவிட்டு, அப்புறம் உருவிக்கொண்டார்கள். என் மாடியில் நின்று இதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆட்கள் குடிவந்தார்கள். நல்ல ஜனங்கள்தான், சண்டை சச்சரவு இல்லை. காலையில் வாட்ச்மேன் ஓஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கார்களைக் குளிப்பாட்டுவார். வாசலில் புல் வளர்த்தார்கள். அதற்கு உச்சி வெயிலில் தண்ணீர் பீய்ச்சுவார்கள். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். பிறகு போய் எங்கள் குழாயை இன்னொரு தரம் இறுக்குவேன்.

அடுத்த கோடையில் எங்கள் மோட்டார் இருமத் தொடங்கியது. மெக்கானிக் வந்து குழாயை வெளியே இழுத்து, எதுவரை ஈரம் என்று பார்த்தார். மட்டம் இறங்கிவிட்டது, இதற்கு மேல் குழாய் இறக்க உங்கள் போரில் ஆழம் இல்லை என்றார். கிணற்றையும் டிரம்மையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எளநிய நீ சீவிக் குடுக்கறே நைனா. ஸ்ட்ரா அவங்க கைல கீது."

அந்த அடுக்குமாடிக்காரர்களின் சங்கச் செயலாளரைப் பார்க்கப் போனேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, தெற்கத்திப் பக்கத்துப் பையன், உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். குழியோடு அந்தக் குழாயை மட்டும் சேர்த்துவிடுங்கள், வேறொன்றும் கேட்கவில்லை, நானே வந்து ஒட்டித் தருகிறேன் என்றேன். கூட்டத்தில் பேசுகிறோம் என்றார். பேசினார்களாம். தண்ணீர் கீழே இறங்கினால் கார் நிறுத்தும் இடத்தில் ஓதம் வரும் என்று முடிவாயிற்றாம். அதைச் சொல்ல அவரே என் வீடு தேடி வந்தார்.

"நிலத்தடி நீர் எல்லாருக்கும் பொதுதானே அங்கிள். நீங்க ரொம்பக் கவலப்படுதீங்க. ஒரு ஞாயித்துக்கிழம வந்து எங்க பிள்ளைகளுக்குத் தண்ணி எப்பிடி மிச்சம் பிடிக்கதுன்னு சொல்லிக்குடுங்களேன்."

தலையாட்டினேன். மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. எஸ்டேட்டிலிருந்து நனைந்துகொண்டே வந்தால், எங்கள் வாசலில் முழங்கால் தண்ணீர். ரோட்டின்மேல் ரோடு போட்டுப் போட்டு எங்கள் வீடு பள்ளத்தில் போய்விட்டது. பக்கத்து மாடித் தண்ணீர் முழுவதும் அங்கேதான் வந்து விழும். அன்றைக்கு எங்கள் மாடித் தண்ணீரும் அதோடு சேர்ந்து விழுந்துகொண்டிருந்தது. பின்னால் போய்ப் பார்த்தால், கிணற்றுக்குப் போகும் குழாயின் வளைவில் மாட்டியிருந்த முழங்கைத் துண்டு கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தது. என் மனைவி வேறொரு குழாயை மாட்டித் தெருப்பக்கம் திருப்பிவைத்திருந்தாள். புடவை தொப்பலாக நனைந்திருந்தது.

"நம்ம மாடி, நம்ம மழ. நீ பெருக்கி வடிகட்டி உள்ள உடறது, அவன் காரு கழுவறதுக்கா? போட்டும். ரோட்டோட போட்டும்."

"அப்புறம் நமக்கு?"

"நமக்கு மட்டும் இப்ப இன்னா வருது?"

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. கிணற்றில் விட்டால் அவர்களுக்குப் போகும். விடாவிட்டால் சாக்கடைக்குப் போகும். வாசலில் நின்ற தண்ணீர் மெதுவாகத் தோட்டத்துக்குள் வந்து மல்லியின் அடியைச் சுற்றி நின்றது, டீசல் வாடையோடு. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சொன்னால் வெட்கம், எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு சொட்டும் அந்தப் பக்கம் போகவில்லை.

சந்தோஷம் நிற்கவில்லை. கோடை கண்ணுக்குள் வந்துவிட்டது. அவர்கள் எடுத்ததுபோக நூலளவு மிஞ்சுமே, அதுவும் இல்லாமல் போனால் என்ன செய்வது என்று பழைய பயம் பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் முழங்கையைத் துடைத்து மறுபடி மாட்டினேன். அவள் தடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பெரிய மனசு என்று செயலாளர் தெருவில் சொல்கிறாராம். மனசும் இல்லை, மண்ணும் இல்லை. அவர்கள் ஓஸ் பிடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாயில் வராத வார்த்தை கிடையாது. கழற்றி முதல் மழையின் அழுக்கை வெளியே விட வசதியாக இருக்கும் என்று அதுவரை அந்த இணைப்பை ஒட்டாமல்தான் வைத்திருந்தேன். இந்த முறை உள்ளும் புறமும் சொல்யூஷன் பசை தடவி, திருகி, இறுகும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். ஒட்டாமல் விட்டால் அடுத்த மழையில் அதைக் கழற்றப்போவது அவளாக இருக்காது, நானாகத்தான் இருப்பேன் என்று தோன்றியது.