தலையணைக்கடியில் ஒட்டுப்பால் பந்து

அல்பிரட்டுக்கு அருவருப்பு கூடப்பிறந்தது. ஆயுசு முழுக்க றப்பர் மரத்தில் பால் வெட்டியவர்தான். ஆனாலும் வேலை முடிந்து தண்ணிப் பீலிக்குப் போய், சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் தேய்க்காமல் ஒரு வாய்த் தேத்தண்ணி தொட்டதில்லை. அடுத்தவர் குடித்த கோப்பையைக் கண்டாலே குமட்டும். சோற்றில் ஒரு மயிர் கிடந்தால் அன்றைக்குப் பட்டினி. கஹவத்தை பஸ்ஸில் பக்கத்து ஆள் தும்மினால், கிடைத்த சீட்டையும் விட்டு எழும்பி நின்றுகொண்டே போவார்.

அப்படிப்பட்ட மனுசன் கையில்தான் ஆண்டவர் இரண்டு பேரப்பிள்ளைகளைக் கொடுத்தார். மகள் மெட்டில்டா விடிய முன்னமே பால் வெட்டப் போய்விடுவாள். மருமகனுக்குக் கொழும்பில் வேலை. நாலு வயது ஜொய்சியும், தவழ்ந்து திரிகிற டிலக்சனும் மத்தியானம் வரைக்கும் தாத்தா பொறுப்பு.

சின்னவனுக்கு மூக்கு வற்றின நாளே கிடையாது. ஒழுகுவதை நாக்கை நீட்டி அவனே ருசி பார்ப்பான். ஜொய்சியோ, சப்பின டொபியை வாயிலிருந்து எடுத்து, எச்சில் நூல் தொங்க, "தாத்தா, ஆ காட்டுங்க" என்று நீட்டும்.

"சீ! தூரப் போ!"

வாசலில் கோழி எச்சம் கிடந்தாலும் சீ. காலில் அட்டை ஏறினாலும் சீ. ஜெபமாலை உருட்டுவதைவிட அந்தச் சொல்லைத்தான் அவர் அதிகம் உருட்டினார். ஆனால் பிள்ளைகள் தூங்கிவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. ஈரத்துணியால் மூக்கைத் துடைக்கிற சாட்டில் பக்கத்தில் போய், கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

கேட்ட சொல்லை ஜொய்சி பிடித்துக்கொண்டது. பருப்பைக் கண்டால் சீ, சோற்றைக் கண்டால் சீ. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்குச் சுவாமி ஒரு தும்மல் தும்மினார். கையால் வாயைப் பொத்திவிட்டு, அதே கையை ஜொய்சியின் தலையில் வைக்க வந்தார்.

"சீ! கையக் கழுவிட்டு வாங்க!"

கோயிலில் இருந்த சனமெல்லாம் சிரித்தது. சுவாமியும் சிரித்தார். மெட்டில்டா மட்டும் சிரிக்கவில்லை.

லயத்து வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "அப்பா, நாளைக்கு ஒரு நாள் பாப்பேன். அந்தச் சொல்லு ஒங்க வாயிலயிருந்து வந்திச்சுன்னு ஜொய்சி சொன்னா, ரெண்டையும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுல விட்டுருவேன். அங்க ஆயாம்மா பாத்துக்குவாங்க."

"பிள்ளைக் காம்பராவா? அத்தன பிள்ளைகளும் மூக்கு ஒழுகிக்கிட்டு…"

"பாத்தீங்களா! மூஞ்சியே கோணிப் போகுது!"

"நான் இன்னும் சொல்லவே இல்லையே, புள்ள!"

பிள்ளைகள் இல்லாத லயக் காம்பராவை நினைத்துப் பார்த்தார். "மாதாவே, நாளைக்கு என் வாயைக் கட்டிப்போடு" என்று வேண்டிக்கொண்டுதான் படுத்தார்.

மறுநாள் மெட்டில்டா போய், விடிந்த கொஞ்ச நேரத்தில் காம்பராவுக்குள் ஒரு நாற்றம் கிளம்பியது. செத்த எலியோ என்று கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். டிலக்சனின் துணியைப் பார்த்தார். அதிலும் இருந்தது, ஆனால் அது வேறு நாற்றம். அதைக் கழுவி முடித்துவிட்டு, கடைசியில் தன் தலையணையைத் தூக்கினார்.

கையடக்கமாய், ஒரு தோடம்பழம் அளவில் கறுத்த பந்து. ஒட்டுப்பால்! மரத்தின் வெட்டுவாயில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்தெடுத்தால் அதுதான். ஈரம் பட்டுக் கிடந்தால் அழுகின நாற்றம் நாறும். அம்மாவின் வேலை உடுப்பில் ஒட்டிவந்ததையெல்லாம் ஜொய்சி நாள்கணக்காகச் சேர்த்துச் சுற்றியிருக்கிறது. பந்தில் மயிர், எறும்பு, பாதிச் சப்பின டொபி.

"தாத்தாவோட தலவாணிதான் சுத்தமாயிருக்கு. அதான் நீங்க எழும்பினதும் வச்சேன்," என்றது ஜொய்சி. "ஒங்களுக்குத்தான் எச்சி தொட்டுத் தொட்டு ஒட்டினேன் தாத்தா."

அல்பிரட்டுக்கு அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "சே…" என்று தொடங்கி, பல்லைக் கடித்து, "சேசுவே!" என்று முடித்தார்.

"நல்லாருக்கா?"

"நல்லா… இருக்கு."

"மோந்து பாருங்க."

மோந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. பந்தைத் தரையில் உருட்டிவிட்டார். டிலக்சன் விழுந்தடித்துத் தவழ்ந்து போய் அதை நக்கினான். பறிக்கப் போன தாத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மூக்கை அவர் கன்னத்தில் தேய்த்து, கெக்கெக்கே என்று சிரித்தான். சிரித்த வேகத்தில், குடித்த பால் முழுவதையும் அவர் சட்டைக்குள் கக்கினான். புளித்த பால் நெஞ்சு மயிருக்குள்ளால் இறங்கி வயிறு வரைக்கும் ஊர்ந்தது. அல்பிரட் கண்ணை மூடிக்கொண்டார். பிள்ளையைக் கீழே விடவில்லை. "அய்யோ தாத்தா!" என்று ஜொய்சியும் சிரித்து மடியில் விழுந்தது.

மத்தியானம் மெட்டில்டா வந்து கதவைத் திறந்தாள். சுவரில் சாய்ந்திருந்த அப்பாவின் மேல் இரண்டும் தூங்கிக் கிடந்தன. நாற்றம் மூக்கில் அறைந்தது.

"சீ! என்னப்பா இது!"

ஜொய்சி பட்டென்று கண் விழித்தது. "அம்மாதான் சொன்னாங்க! அம்மாவப் பிள்ளைக் காம்பராவுல விடுங்க!"

மெட்டில்டா வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்றத்துக்கா, சிரிப்புக்கா என்று தெரியவில்லை. "சரி சரி, தாத்தாகிட்டயே கிடங்க," என்றாள். "ஆனா அந்தப் பந்து வெளிய போகணும்."

"அது தாத்தாவோடது!" என்றது ஜொய்சி.

அல்பிரட் தலையணை உறையையும் சட்டையையும் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனார். மாதாவும் ஒரு பிள்ளையின் துணியை அலசினவள்தானே என்று சொல்லிக்கொண்டே, திரும்பத் திரும்பச் சவர்க்காரம் போட்டார். நாற்றம் போகவில்லை. சுற்றிவரப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

"சீ! சீ! சீ!" என்றார், வாய் நிறைய.