கூரையில் ஒட்டிய அம்பு

விமான நிலையத்தின் மேல்தளத்தில், கழிப்பறைக்கும் பர்ஃப்யூம் கடைக்கும் நடுவே ஒரு பிரார்த்தனை அறை. எல்லா மதத்துக்கும் அது ஒன்றுதான். அதைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் ‘அலமாரி’ என்றே கூப்பிடுவார்கள். மூன்று தட்டுள்ள அலமாரியின் சாவி அவர் இடுப்பில். தொழ வருகிறவர்களுக்கு விரிப்பு எடுத்துக் கொடுப்பார்; முடிந்ததும் அதைச் சுருட்டிவிட்டுச் சிலுவையை வைப்பார்; அதை எடுத்துவிட்டுச் சாமி படமும் மின்விளக்கும். கடவுள்களே அவரிடம் நேரம் கேட்டுக்கொண்டுதான் வருவார்கள் என்றால் மிகை என்பீர்கள். கொஞ்சம்தான் மிகை.

“இதுல உங்க தட்டு எதுண்ணே?” என்று கேட்டால், “எனக்குச் சாவி மட்டும்தான்” என்பார்.

மனைவி இறந்த நாலாம் நாளே வேலைக்கு வந்துவிட்டார். வீட்டில் உட்கார்ந்தாலும் இங்கே நின்றாலும் அவருக்கு ஒன்றாகத்தான் இருந்தது. அன்று கூரைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். தொழுகைத் திசை காட்டும் அம்பைத் திரும்ப ஒட்ட வேண்டியது அவர் பொறுப்பு. ஏணியில் ஏறினார், ஒட்டினார், இறங்கினார்.

அம்பு ஒட்டிய பன்னிரண்டாம் நாள் மதியம். தினமும் வரும் டாக்ஸிக்காரர் ஒருவர் தொழுது முடித்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். விரிப்பைச் சுருட்டக் குனிந்த அலமாரி அப்படியே நின்றுவிட்டார். விரிப்பு ஒரு பக்கம் பார்த்தது, கூரை அம்பு இன்னொரு பக்கம். அம்பு கூசாமல் பர்ஃப்யூம் கடையைக் காட்டிக்கொண்டிருந்தது.

போன மாதம்தான் மேலாளர் சொல்லியிருந்தார்: “எழுத்துல ஒரே ஒரு புகார் வரட்டும். உங்களை அனுப்பிட்டு ரூமைக் கடைக்குக் குடுத்துடுவேன்.”

வேலை போகும் என்பது புரிந்தது. பயம் மட்டும் வரவில்லை.

“தம்பி, அம்பைத் தப்பா ஒட்டிட்டேன்.”

“மொத நாளே தெரியும்ணே. ஒம்பது வருஷமா வர்றேன், எனக்குத் திசை தெரியாதா?”

“அப்ப ஏன் சொல்லல?”

“அப்ப அண்ணி போய் நாலு நாள். உங்க மொகத்தைப் பாத்து எவன் சொல்லுவான்? புகார் எழுதறேன்னு குதிச்ச ஒரு பயணியை உக்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்து ஏத்தி அனுப்பினேன். மத்த டிரைவருங்ககிட்டயும் சொல்லி வெச்சேன், புதுசா யாரு வந்தாலும் சரியான பக்கம் திருப்பி விடுங்கன்னு.”

“பதினோரு நாளாவா?”

“நீங்க வாசல்லதாண்ணே நின்னீங்க. எங்களைப் பாத்துக்கிட்டே.”

நின்றது உண்மைதான். நாளுக்கு முப்பது பேர் அம்புக்குக் கோணலாகத் திரும்பித் தொழுததைக் கண்ணைத் திறந்துகொண்டே பார்க்காமல் நின்றிருக்கிறார்.

டாக்ஸிக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். “இன்னும் கொஞ்சம் இடது பக்கம்ணே. போதும், அந்த பர்ஃப்யூம் கடைக்காரிக்கு இதுக்கு மேல மரியாதை ஆகாது.”

அலமாரிக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அம்பின் நாலு ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்தினார்.

“சரியா இருக்கா?”

“இருக்குண்ணே.”

“நாளைக்கும் ஒரு தடவை பாத்துச் சொல்லு. என் கண்ணு இன்னும் வேலைக்கு வரல.”

இறங்கி, விரிப்பை அதன் தட்டில் வைத்துவிட்டு, இரண்டு மணி ஜெபத்துக்கு வருகிறவர்களுக்காகச் சிலுவையை எடுத்தார்.